18 டாலருக்கு 160 ஏக்கர்! மீதி விலையைக் கொடுத்தது யார்?

நிலம் சும்மா கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அமெரிக்காவில் 1862-ம் ஆண்டு மே மாதம் 20-ந்தேதி ஒரு சட்டம் பிறந்தது. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்துப் போட்டார். குடியேறுகிறவர்களுக்கு நிலம் கொடுக்கும் சட்டம் அது.

சட்டம் சொன்னது இதுதான்.

21 வயது நிரம்பியவர்கள் மனுப் போடலாம். குடும்பத் தலைவர்களும் மனுப் போடலாம். 160 ஏக்கர் நிலம் ஒதுக்கப்படும். அங்கே வீடு கட்ட வேண்டும். உழுது பயிர் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும். அப்புறம் நிலம் அவர்களுக்கே சொந்தம்!

இதற்கு எல்லாமாகச் சேர்த்துக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 18 டாலர்!

இந்தச் சட்டத்தினால் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பட்டா பெற்றன. 27 கோடி ஏக்கர் நிலம் கை மாறியது. அமெரிக்காவின் மொத்தப் பரப்பில் அது பத்தில் ஒரு பங்கு!

இந்த விவசாயிகளைப் பற்றி அமெரிக்காவில் பெருமையாக ஒரு கதை சொல்வார்கள்.

"ஓர் ஆண்மகன் போனான். கையில் கோடாலி, தோளில் துப்பாக்கி. காட்டை வெட்டினான், கட்டாந்தரையை உழுதான். யாரிடமும் கை நீட்டவில்லை. தன் கையை நம்பி உயர்ந்தான்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது பாதிக் கதை!

18 டாலர் என்பது அரசாங்கத்துக்குக் கட்டிய பணம். நிலத்தின் உண்மையான விலை அது அல்ல. மீதி விலையை வேறு சிலர் கொடுத்தார்கள். அவர்களுடைய பெயர் பட்டாவில் இல்லை. கதையிலும் இல்லை.

யார் அவர்கள்? ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஓயாத பயணம்

சார்லஸ் இங்கல்ஸ் என்று ஒரு விவசாயி இருந்தார். 1836-ல் பிறந்தவர். வேட்டை ஆடுவார். தச்சு வேலை தெரியும். மாலை வேளையில் பிடில் வாசிப்பார். அவருடைய மனைவி கரோலின். கலியாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர்.

இவர்களுடைய இரண்டாவது மகள் லாரா. 1867-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் பெப்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். இந்த லாராதான் பிற்காலத்தில் தம் குடும்பக் கதையைப் புத்தகங்களாக எழுதினார். முதல் புத்தகம் வெளிவந்தது 1932-ல். அப்போது அவருக்கு வயது 65! உலகம் எங்கும் குழந்தைகள் அந்தப் புத்தகங்களைப் படித்தார்கள். இன்றும் படிக்கிறார்கள்.

சார்லசுக்கு ஓர் ஆசை. மேற்கே போக வேண்டும். நல்ல நிலம் பிடிக்க வேண்டும். அந்த ஆசை அவரை ஓர் இடத்தில் இருக்க விடவில்லை.

1869-ல் கான்சாஸ் போனார்கள். 1871-ல் விஸ்கான்சினுக்கே திரும்பினார்கள். 1874-ல் மின்னசோட்டா. 1876-ல் அயோவா. 1877-ல் மறுபடியும் மின்னசோட்டா. 1879-ல் டகோட்டா.

பத்து ஆண்டுகளில் ஆறு முறை ஊர் மாறினார்கள்! ஒவ்வொரு முறையும் கூண்டு வண்டியில் சாமான்களை ஏற்ற வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பழகிய முகங்களை விட்டுப் பிரிய வேண்டும்.

அது யாருடைய நிலம்?

கான்சாஸ் மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சார்லஸ் மரவீடு கட்டினார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. மண் நல்ல மண்.

ஆனால் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்!

அது ஓசேஜ் மக்களின் நிலம். அமெரிக்காவின் பூர்வ குடிகளில் அவர்கள் ஓர் இனத்தார். ஒப்பந்தப்படி அந்த நிலம் அவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியார் அங்கே குடியேறக் கூடாது. இருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் புகுந்தார்கள். இங்கல்ஸ் குடும்பமும் அப்படிப் புகுந்த குடும்பம்தான். சட்டம் அவர்கள் பக்கம் இல்லை.

புகுந்தவர்களில் பலர் ஓசேஜ் மக்களின் வயல்களைப் பிடித்துக்கொண்டார்கள். குதிரைகளைத் திருடினார்கள். இதை ஓசேஜ் மக்கள் மட்டும் சொல்லவில்லை. அவர்களுக்காக அரசாங்கம் நியமித்த அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார்.

நெருக்கடி தாங்காமல் 1870-ல் ஓசேஜ் மக்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர்தான் விலை! இன்றைய ஓக்லகோமா மாநிலம் இருக்கும் பகுதிக்குப் பெயர்ந்து போனார்கள். இந்த நிலத்தை விற்ற பணத்தைக் கொடுத்து அங்கே புது நிலம் வாங்கினார்கள்.

மின்னசோட்டாவிலும் டகோட்டாவிலும் இதே கதைதான். பெயர்தான் வேறு.

ஆக, "இலவச" நிலத்துக்கு முதல் விலை கொடுத்தவர்கள் இவர்கள். அவர்கள் கொடுத்த விலை, பிறந்த மண்!

நோய் தீர்த்த டாக்டர்

கான்சாசில் இருந்தபோது இங்கல்ஸ் குடும்பத்தில் எல்லோருக்கும் குளிர் காய்ச்சல் கண்டது. இன்று நாம் மலேரியா என்கிறோமே, அந்தக் காய்ச்சல்தான். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. எல்லோரும் படுத்த படுக்கை!

அவர்களுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றியவர் ஒரு டாக்டர். ஜார்ஜ் டான் என்று பெயர். அவர் ஒரு நீக்ரோ என்று அன்று சொன்னார்கள். கறுப்பு இனத்தவர் என்று இன்று சொல்கிறோம். ஓசேஜ் மக்களுக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

அவர் வராமல் போயிருந்தால்? லாராவும் இல்லை, லாராவின் புத்தகங்களும் இல்லை.

"யாருடைய உதவியும் இல்லாமல் உயர்ந்தார்கள்" என்று சொல்லும்போது இந்த டாக்டரை மறக்கலாமா?

மண்ணுக்குள் வீடு

விஸ்கான்சின் வீட்டை வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை. ஆகவே குடும்பம் கான்சாசை விட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பியது. மூன்று ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் மேற்குப் பயணம். இந்தத் தடவை மின்னசோட்டா.

அங்கே வால்நட் குரோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. ஓடைக் கரையைக் குடைந்து செய்த மண் அறைதான் வீடு! கூரைமேல் புல் முளைத்திருக்கும். ஒரு நாள் கூரைமேல் நடந்த மாட்டின் கால் அப்படியே வீட்டுக்குள் இறங்கிவிட்டதாம்!

சார்லஸ் கோதுமை விதைத்தார். பயிர் தளதள என்று வளர்ந்தது. "அறுவடை ஆகட்டும், கடனைத் தீர்த்துவிடலாம்" என்று கடன் வாங்கிப் புது வீடும் கட்டினார்.

1875-ம் ஆண்டு. வானத்திலே ஒரு மேகம். வெள்ளையாய் மினுமினுத்தது. மழை மேகம் அல்ல. வெட்டுக்கிளி!

ராக்கி மலை வெட்டுக்கிளி என்று அதற்குப் பெயர். அந்த ஆண்டு வந்த ஒரு கூட்டம் 1,800 மைல் நீளமும் 110 மைல் அகலமும் இருந்திருக்கும் என்று அதைப் பார்த்தவர் ஒருவர் கணக்குப் போட்டார். கோதுமை போயிற்று. புல் போயிற்று. மரத்து இலை போயிற்று. துணியையும் கருவிகளின் மரப்பிடியையும்கூட அவை கடித்தன. தண்டவாளத்தில் நசுங்கிய வெட்டுக்கிளிகளால் ரயில் சக்கரம் வழுக்கியது!

வெட்டுக்கிளிகள் போகும்போது சும்மா போகவில்லை. மண்ணில் முட்டை இட்டுவிட்டுப் போயின. அடுத்த ஆண்டும் விளைச்சல் இல்லை.

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். கோடானுகோடியாக வந்த அந்த இனம் பிறகு அடியோடு அழிந்துவிட்டது. கடைசியாக அதை உயிருடன் கண்டது 1902-ல். ஆனால் அது இங்கல்ஸ் குடும்பத்துக்குக் கொடுத்த அடி அழியவில்லை.

சார்லஸ் கிழிந்த பூட்சுடன் கிழக்கே நடந்தார். நூற்றுக்கணக்கான மைல்! வெட்டுக்கிளி போகாத ஊர்களில் கூலிக்கு அறுவடை செய்து பணம் அனுப்பினார்.

அப்படியும் போதவில்லை. 1875 நவம்பரில் அவர் அதிகாரிகள் முன்னால் போய் நின்றார். "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். அப்படிச் செய்தவர்களுக்குத்தான் அரசாங்க உதவி. அவருக்கு மாவு கிடைத்தது.

மானமுள்ள மனிதர். மனைவி மக்களுக்காகக் கை நீட்டினார். அதில் என்ன அவமானம்? எனக்குத் தெரிந்து அவர் வாழ்வில் செய்த வீரச் செயல்களில் அதுவும் ஒன்று!

ஆனால் லாரா எழுதிய கதைப் புத்தகங்களில் இந்தக் கையெழுத்துக்கு இடம் இல்லை.

எழுதாமல் விட்ட தம்பி

இன்னொன்றும் அந்தப் புத்தகங்களில் இல்லை.

1875 நவம்பர் 1-ந்தேதி கரோலினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரெடி என்று கூப்பிட்டார்கள். ஐந்து குழந்தைகளில் ஒரே மகன்!

பயிர் போனதால் குடும்பம் மின்னசோட்டாவை விட்டுப் புறப்பட்டது. வழியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது குழந்தை நோயில் விழுந்தது. 1876 ஆகஸ்டு 27-ந்தேதி கண் மூடியது. பத்து மாதம்கூட நிறையவில்லை.

குழந்தையைப் புதைத்துவிட்டு, அழுத கண்ணோடு வண்டி ஏறினார்கள். அயோவா மாநிலத்தில் பர் ஓக் என்ற சிற்றூருக்குப் போனார்கள். அங்கே ஒரு ஓட்டலில் வேலை. கரோலின் சமைத்தார். சிறுமிகள் பாத்திரம் கழுவினார்கள், பரிமாறினார்கள். லாராவுக்கு அப்போது ஒன்பது வயது!

சொந்த நிலம் தேடிப் புறப்பட்ட குடும்பம், அடுத்தவர் எச்சில் தட்டைக் கழுவியது.

ஏன் லாரா இதை எழுதவில்லை? குழந்தைகள் படிக்கும் புத்தகம், துக்கம் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். 1930-ல் பெரியவர்களுக்காக ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். அதில் இது இருக்கிறது. ஆனால் அது அச்சாகி வெளிவந்தது 2014-ல்தான். லாரா இறந்தது 1957-ல்!

அம்மாவின் கை

நிலத்தை உழுதவர் சார்லஸ். சரி. வீட்டை நடத்தியது யார்?

கடைக்குப் போய் வாங்குவது என்பது அபூர்வம். சோப்பு வேண்டுமா? சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் காரம் இறக்க வேண்டும். கொழுப்போடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். வெண்ணெய் வேண்டுமா? பாலேட்டைக் கடைய வேண்டும். சட்டை வேண்டுமா? துணி வாங்கிக் கையால் தைக்க வேண்டும்.

கோடையில் தோட்டம். இலையுதிர் காலத்தில் பன்றி வெட்டி, இறைச்சியை உப்பில் ஊற வைத்துப் புகையில் உலர்த்த வேண்டும். குளிர்காலம் முழுவதும் அதுதான் சாப்பாடு. அந்தப் பன்றியின் மூத்திரப் பையை ஊதிக் கட்டினால், குழந்தைகளுக்குப் பந்து!

இத்தனைக்கும் நடுவில் பிள்ளைப்பேறு. பிள்ளைகளுக்குப் பாடம். பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் கரோலின் உறுதியாக இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் அவரே பள்ளிக்கூடம்!

ஆனால் சட்டத்தைப் பாருங்கள். கலியாணம் ஆகாத பெண் நிலம் கேட்டு மனுப் போடலாம். விதவை போடலாம். கணவனோடு வாழும் மனைவி போட முடியாது! குடும்பத் தலைவன் பெயருக்குத்தான் பட்டா.

விடியுமுன் எழுந்து, எல்லோரும் தூங்கியபின் படுத்தவரின் பெயர் காகிதத்தில் இல்லை.

ஏழு மாதக் குளிர்

1879-ல் சார்லசுக்கு ரயில்பாதை போடும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கணக்கு எழுதும் வேலை. அதனால் டகோட்டா போனார்கள். டி ஸ்மெட் என்ற புது ஊர் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. 1880 பிப்ரவரியில் சார்லஸ் நிலத்துக்கு மனுப் போட்டார். இதோ, கடைசியில் அந்த 160 ஏக்கர்!

முதல் சோதனை உடனே வந்தது. 1880 அக்டோபரில் பனிப்புயல் அடித்தது. அடுத்த ஆண்டு வசந்த காலம் வரையில் புயல்மேல் புயல்! ஜனவரியில் ரயில் நின்றுவிட்டது. மே மாதம் வரை வரவில்லை.

கடைகளில் சாமான் தீர்ந்தது. நிலக்கரி தீர்ந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்தது.

இங்கல்ஸ் குடும்பம் என்ன செய்தது? காய்ந்த புல்லைப் பிரிபோல இறுக முறுக்கினார்கள். அதைத்தான் அடுப்பில் எரித்தார்கள். சீக்கிரம் எரிந்து போகும். ஆகவே நாள் முழுவதும் முறுக்க வேண்டும். கை வெடித்து ரத்தம் வரும்.

மாவு இல்லை. கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தில் போட்டுத் திரித்தார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர். அந்த ரொட்டிதான் சாப்பாடு.

ஊரில் கோதுமையும் தீரும் நிலை. அப்போது இரண்டு வாலிபர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பனியில் வண்டி ஓட்டிப் போய் கோதுமை கொண்டுவந்தார்கள் என்று லாரா எழுதுகிறார். அவர்களில் ஒருவர் அல்மான்சோ வைல்டர். இவரைத்தான் 1885-ல் லாரா மணந்தார்.

கிறிஸ்துமசுக்கு என்று அனுப்பிய பெட்டி, ரயில் வந்தபிறகு மே மாதம் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த வான்கோழி அப்போதும் கெடாமல் இருந்ததாம்! மே மாதத்தில் கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டார்கள்.

அக்காளுக்காக உழைத்த தங்கை

டகோட்டா போவதற்குச் சற்று முன்பு பெரிய இடி ஒன்று விழுந்தது. மூத்த மகள் மேரி நோயில் விழுந்தாள். கண் பார்வை போய்விட்டது! வயது 14.

செம்புள்ளிக் காய்ச்சல்தான் காரணம் என்று லாரா எழுதினார். மூளையைத் தாக்கும் ஒரு வகைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று 2013-ல் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னார்கள்.

அயோவாவில் வின்டன் என்ற ஊரில் பார்வை இல்லாதவர்களுக்கு ஒரு கல்லூரி இருந்தது. டகோட்டாவில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே டகோட்டா அரசாங்கம் மேரிக்குப் படிப்புச் சம்பளம் கட்டியது. துணிமணிக்கும் பிரயாணச் செலவுக்கும் குடும்பம் பணம் தேட வேண்டும்.

யார் தேடினார்கள்? லாரா! ஊரில் சட்டை தைக்கப் போனார். நாள் ஒன்றுக்கு 25 சென்ட் கூலி. பிறகு, தாமே மாணவியாக இருந்துகொண்டு, சிற்றூர்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரைவிட உயரமான பிள்ளைகள் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்!

1881-ல் கல்லூரியில் சேர்ந்த மேரி, 1889-ல் படிப்பை முடித்தார். அந்த வெற்றியில் அரசாங்கப் பணம் இருக்கிறது. ஒரு தங்கையின் வியர்வையும் இருக்கிறது.

ஏர் போனால் மழை வருமா?

1886-ல் சார்லசுக்குப் பட்டா கிடைத்தது. மனுப் போட்டு ஆறு ஆண்டு ஆயிற்று. அப்புறம் அந்த நிலத்தில் ராஜாவாக வாழ்ந்தாரா?

இல்லை! 1887-ல் ஊருக்குள்ளே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். தச்சு வேலையும் வேறு வேலைகளும் செய்து பிழைத்தார். 1902-ல் அங்கேயே காலமானார்.

லாராவும் அல்மான்சோவும் என்ன ஆனார்கள்? கல்மழையில் கோதுமை போயிற்று. 1888-ல் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அல்மான்சோவின் கை கால் விழுந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் நொண்டினார். 1889-ல் பிறந்த ஆண் குழந்தை, பெயர் வைக்குமுன்பே இறந்தது. அதே மாதம் வீடு தீப்பிடித்து எரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு வறட்சி வேறு!

மேற்குச் சமவெளியில் மழை குறைவு. "ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலே வரும்" என்று அன்று நிலம் விற்றவர்கள் ஆசை காட்டினார்கள். 1878-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆராய்ச்சியாளர் உண்மையை எழுதினார். வறண்ட மேற்குப் பகுதியில் 160 ஏக்கர் போதாது, ஆடு மாடு மேய்த்துப் பிழைக்க 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை.

மழை ஏருக்குப் பின்னால் வரவில்லை. கடன்தான் வந்தது!

1894-ல் லாராவும் அல்மான்சோவும், மகள் ரோசை அழைத்துக்கொண்டு வண்டி கட்டினார்கள். இந்தத் தடவை மேற்கே அல்ல, தெற்கே. மிசூரி மாநிலத்தில் மேன்ஸ்பீல்டு என்ற ஊர். அங்கே, சேர்த்து வைத்த 100 டாலரை முன்பணமாகக் கொடுத்து நிலம் வாங்கினார்கள். இலவச நிலம் அல்ல, விலை கொடுத்த நிலம்! ஆப்பிள் மரம், கோழி, பசு என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார்கள். அந்த நிலம்தான் அவர்களை வாழ வைத்தது.

கணக்குப் பார்ப்போம்

18 டாலர் நிலத்துக்கு யார் யார் விலை கொடுத்தார்கள்?

ஓசேஜ் மக்களும் மற்றப் பூர்வ குடிகளும் மண்ணைக் கொடுத்தார்கள். அப்பா உடம்பைக் கொடுத்தார். அம்மா தூக்கத்தைக் கொடுத்தார். குழந்தைகள் விளையாட வேண்டிய வயதைக் கொடுத்தார்கள். பிரெடி உயிரையே கொடுத்தான்.

உதவிக் கரம் நீட்டியது யார்? ஒரு கறுப்பு இன டாக்டர். பனியில் கோதுமை கொண்டுவந்த ஊர்க்காரர்கள். மாவு கொடுத்த அரசாங்கம், படிப்புச் செலவு கட்டிய அரசாங்கம், நிலத்தையே கொடுத்த அரசாங்கம்!

"அப்படியானால் அவர்கள் வீரர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள்.

வீரர்கள்தான்! ஏழு மாதக் குளிரில் புல் முறுக்கி உயிர் பிழைத்தவர்களை வேறு என்னவென்று சொல்வது? ஆனால் தனி மனித வீரம் அல்ல அது. ஒரு குடும்பத்தின் வீரம். ஓர் ஊரின் வீரம். அதை ஒரே ஆள் தலையில் கிரீடமாக வைத்தால், மற்ற எல்லோருடைய உழைப்பையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகாதா?

திருத்திக்கொண்ட பாட்டி

"லாரா பூர்வ குடிகளை மட்டமாக எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகங்களைக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1954 முதல் லாராவின் பெயரால் ஒரு பரிசு கொடுத்து வந்தது. 2018-ல் அந்தப் பெயரை மாற்றிவிட்டது.

"பழைய புத்தகத்தைக் குறை சொல்லலாமா?" என்று வேறு சிலர் கோபிக்கிறார்கள்.

இரண்டு பக்கத்தாருக்கும் நான் ஒரு சம்பவத்தைச் சொல்வேன்.

கான்சாஸ் கதை 1935-ல் வெளிவந்தது. அந்த நாட்டில் மனிதர்களே இல்லை, பூர்வ குடிகள் மட்டுமே இருந்தார்கள் என்று பொருள்படும்படி அதில் ஓர் இடம் இருந்தது. 1952-ல் ஒரு வாசகர் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். "பூர்வ குடிகள் மனிதர்கள் இல்லையா?" என்பதுதான் அவர் குறை.

லாராவுக்கு அப்போது 85 வயது. புகழின் உச்சியில் இருந்தார். "நான் எழுதியது எழுதியதுதான்" என்று சொன்னாரா? இல்லை! அது தம்முடைய தவறு என்று ஒப்புக்கொண்டார். மனிதர்கள் என்று இருந்த சொல்லைக் குடியேறியவர்கள் என்று மாற்றச் சம்மதித்தார். 1953-ல் திருத்தம் அச்சாகியது.

ஒரு சொல்தான். ஆனால் அதிலே ஓர் இனமே மனிதர்களாகத் திரும்பி வந்தது!

எழுதியவரே 85 வயதில் திருத்திக்கொண்டார். படிக்கிற நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஆகவே என் யோசனை இதுதான். புத்தகத்தைப் பூட்டி வைக்க வேண்டாம். குழந்தை கையில் கொடுங்கள். ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

அப்பா பிடில் வாசிக்கும் இடம் வரும். குழந்தையோடு சேர்ந்து ரசியுங்கள். புல்வெளியில் வீடு கட்டும் இடம் வரும். "இது யார் நிலம், தெரியுமா?" என்று கேளுங்கள். அம்மா ரொட்டி சுடும் இடம் வரும். "அம்மா சாப்பிட்டாளா?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பிரெடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

குழந்தைகள் உண்மையைத் தாங்குவார்கள். லாரா ஒன்பது வயதில் தாங்கவில்லையா?

பட்டாவில் ஒரு பெயர்தான் எழுத முடியும். கதையில் எல்லார் பெயரையும் எழுதலாம். அதற்குக் கட்டணம் 18 டாலர்கூடக் கிடையாது!